150 ரூபாய்க் கத்தி போதுமா?

காலை 8 மணி. தாம்பரத்தில் இருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரெயில். நல்ல கூட்டம்.

எதிரே ஒரு தாய். மடியில் மகனின் பள்ளிக்கூடப் பை. "ஜிப்" மூட மறுத்தது. இழுத்தால் ஓடியது, ஆனால் பல் சேரவில்லை. உள்ளே இருந்த சோற்று டப்பா வெளியே எட்டிப் பார்த்தது. பையன் அழுதுவிடுவான் போல இருந்தான்.

என் சட்டைப் பையில் ஒரு மடக்குக் கருவி உண்டு. குறடு, கத்தி, திருப்புளி எல்லாம் மடங்கி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அந்தக் குறட்டால் ஜிப்பின் தலையை இரண்டு ஓரத்திலும் மெல்ல நெரித்தேன். பல் கவ்விக் கொண்டது. குரோம்பேட்டை வருவதற்குள் வேலை முடிந்தது!

"என்ன விலைங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"150 ரூபாய்" என்றேன்.

பக்கத்தில் இருந்த பெரியவர் சிரித்தார். "மலிவுச் சாமான் நாலு நாள் தாங்காது, சார்!"

தாங்கும் என்பதுதான் என் கட்சி. ஆனால் எந்த வேலைக்கு என்று தெரிந்திருக்க வேண்டும்.

கார் ரிப்பேருக்கா?

பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள வெளிநாட்டுக் கருவிகள் இருக்கின்றன. அவை உயர்ந்தவைதான். 1975-ல் டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர், மனைவியுடன் பழைய பியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் அடிக்கடி மக்கர் செய்தது. கையில் பேனாக்கத்தி இருந்தது, குறடு இல்லை! அந்தத் தவிப்பில் பிறந்ததுதான் அவருடைய குறடு வைத்த மடக்குக் கருவி. 1983-ல் அது விற்பனைக்கு வந்தது.

நாம் என்ன கார் ரிப்பேரா செய்யப் போகிறோம்? பார்சல் கயிற்றை அறுக்க வேண்டும். பொம்மையின் பேட்டரி மூடியைக் கழற்ற வேண்டும். அதற்கு உயர்ந்த இரும்பு எதற்கு?

இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று தோய்த்து ஆற்றினால் அது உறுதிப்படும். கொல்லர்கள் இதைத் துவைச்சல் என்பார்கள். மலிவுக் கத்தியில் இந்த வேலை பெரும்பாலும் அரைகுறை. அதனால் சீக்கிரம் மழுங்கும். மழுங்கட்டுமே! சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது.

விரலில் தையல்

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் அதே கத்தியால் ஓட்டில் இருந்து தேங்காயை நெம்பினேன். கத்தி படக்கென்று மடங்கியது. ஆள்காட்டி விரலில் இரண்டு தையல்! கத்தி 150 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு 600 ரூபாய். குற்றம் கத்தியுடையது அல்ல. மலிவுக் கருவிகள் பலவற்றில், விரித்த கத்தி மடங்காமல் தடுக்கும் பூட்டு கிடையாது. அதை வைத்து நெம்பவோ குத்தவோ கூடாது.

இன்னொன்று, மின்சாரம். கைப்பிடி முழுவதும் இரும்பு. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சுவிட்சுப் பெட்டியை இதனால் தொடவே தொடாதீர்கள். விலை உயர்ந்த கருவியானாலும் இதே கதைதான். பிளாஸ்டிக் உறை போட்ட கட்டிங் பிளேயர் எதற்கு இருக்கிறது?

வாங்குவது எப்படி? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற இடத்தில் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம். குறட்டை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நுனி இரண்டும் ஒட்ட வேண்டும். கத்தியை விரித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கண்டால் வேண்டாம்.

"இதில் 15 வேலை செய்யலாம், சார்!" என்பார் கடைக்காரர். மயங்காதீர்கள். 1891-ல் கார்ல் எல்ஸனர் சுவிஸ் ராணுவத்துக்குக் கொடுத்த கத்தியில் நாலே உறுப்புகள்தான்: கத்தி, டப்பா திறப்பான், திருப்புளி, துளையூசி. ஒரு சிப்பாய்க்கே அது போதுமாக இருந்தது. உறுப்பு குறைந்தால் ஒவ்வொன்றும் தடிமனாக இருக்க இடம் கிடைக்கும்.

நம் பக்கம் கடல் காற்று. கீல் சீக்கிரம் துருப்பிடிக்கும். மாதம் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடிக்கும்.

திரிசூலத்தில் இறங்கி விமானம் ஏறப் போகிறவர்கள், முதலில் கைப்பையைத் தடவிப் பாருங்கள். கத்தி இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும். விமானத்தின் அடியில் ஏற்றும் பெட்டிக்குள் வைத்துவிட்டால் தொல்லை இல்லை.