ஆவின் ஏப்பமும் அவனியின் வெப்பமும்

'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் கண்ட மொழி நம் மொழி. அச்செல்வத்தின் மீது இன்று உலக அரங்கில் ஒரு குற்றச்சாட்டு எழுந்துள்ளது. மாடு விடும் ஏப்பம் புவியைச் சூடாக்குகிறது என்பதே அது. இதைக் கேட்டு நகைப்போரும் உளர், நடுங்குவோரும் உளர். இரண்டும் வேண்டா. உண்மையை ஆராய்வோம்.

அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிரிகள், மனிதனால் செரிக்கவியலாத புல்லையும் வைக்கோலையும் சிதைத்து மாட்டுக்கு உணவாக்குகின்றன. அப்போது எழும் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் அவற்றுள் ஒருவகை உயிரிகள் சேர்த்து மீத்தேனாக்குகின்றன. இதன் பெரும்பகுதி ஏப்பமாகவே வெளியேறுகிறது. வளிமண்டலத்தில் ஏறத்தாழ 12 ஆண்டுகளே நிலைப்பினும், 20 ஆண்டுக் கணக்கில் இவ்வாயு கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பம் சேர்க்க வல்லது. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் மாடும் எருமையும் சேர்ந்து 30 கோடிக்கு மேல். எனவே இதனை நாம் புறந்தள்ளுதற்கில்லை.

நாம் கருத வேண்டியது இன்னொன்றும் உண்டு. தீவனத்திலுள்ள ஆற்றலில் 2 முதல் 12 விழுக்காடு வரை இவ்வாறு மீத்தேனாகக் கழிகிறது. காசு கொடுத்து வாங்கிய தவிட்டிலும் பிண்ணாக்கிலும் ஒரு பங்கு காற்றோடு போகிறது. ஆகவே இது வானத்தின் சிக்கல் மட்டுமன்று, தொழுவத்தின் சிக்கலுமாகும்.

இதற்குத் தாவரங்களிடமே தீர்வு தேடுகின்றனர் அறிவியலார். கடுக்காயிலும் புளியங்கொட்டைத் தோலிலும் கருவேலங்காயிலும் நாவுக்குத் துவர்ப்பாகத் தெரியும் டானின் என்னும் பொருள், மீத்தேன் ஆக்கும் உயிரிகளை ஒடுக்கவல்லது. பெங்களூரிலுள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம், டானின் மிகுந்த தாவரப் பொருள்களைக் கொண்டு 'ஹரித் தாரா' என்னும் தீவனச் சேர்க்கையை உருவாக்கியது. 2021இல் வெளிவந்த செய்திகளின்படி, அது மீத்தேனை 17 முதல் 20 விழுக்காடு வரை குறைப்பதோடு பாலையும் பெருக்கும். அப்போது கிலோ ஒன்றுக்கு 6 ரூபாயே செலவாகும் எனக் கூறப்பட்டது.

நற்செய்தியே. எனினும் அளவு மீறினால் அமுதும் நஞ்சன்றோ! டானின் மிகுந்தால் அது புரதத்தோடு பிணைந்து செரிமானத்தைக் கெடுக்கும். மாடு தீனி எடுப்பதும் குறையும். ஆகவே கைக்கெட்டிய காயைப் பறித்துக் கண்ணளவாகப் போடுவது மருந்தாகாது.

இனி நம் கருத்தைச் சொல்வோம். டென்மார்க் நாடு, கால்நடைகள் வெளியிடும் வாயுக்கு 2030 முதல் வரி விதிக்க 2024இல் முடிவு செய்தது. பெரும் பண்ணைகள் நிறைந்த அந்நாட்டுக்கு அது பொருந்தலாம். ஒன்றிரண்டு மாடுகளை நம்பி அடுப்பெரிக்கும் குடும்பங்கள் நிறைந்த நம் நாட்டுக்கு அவ்வழி ஆகாது. உலகின் வெப்பத்தைத் தணிக்கும் செலவை வறியவளின் பால்குடத்திலிருந்து எடுப்பது அறமன்று. இச்சேர்க்கையால் பயன் பெறுவது உலகம் முழுதும் என்றால், அதன் விலையை ஏற்பதும் பொதுப்பணமாகவே இருத்தல் வேண்டும். கூட்டுறவுப் பால் சங்கங்கள் வழியே, கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் அது வழங்கப்பட வேண்டும். வெறும் வைக்கோலால் வயிறு நிரப்பும் மாட்டுக்கு முதலில் பசுந்தீவனம் கிடைக்க வழி செய்தல் வேண்டும். நல்ல தீனி உண்ட மாடு மிகுதியாகக் கறக்கும். லிட்டர் ஒன்றுக்கான மீத்தேனும் அதனால் குறையும்.

தமிழ்த் துறைக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். வேலை உண்டு. எவ்வளவு போடலாம், எந்த மாட்டுக்கு ஆகாது என்பதை ஆங்கிலச் சீட்டு சொன்னால், பால் கறக்கும் தாய்க்கு அது எட்டாது. அதைத் தெள்ளிய தமிழில் எழுதித் தருவது மொழி பயின்றோர் கடன். பால் விற்ற காசில் பயில வந்தோர் நம் வகுப்புகளிலேயே உண்டு. அவர்கள் கற்ற தமிழ் அத்தொழுவம் வரை செல்லட்டும்!