ஆலைப் புண்ணாக்கும் வீட்டுப் பசுவும்



காலையில் நீங்கள் கலக்கும் பால் மாவு நியூசிலாந்திலிருந்து வந்ததாக இருக்கலாம். டின்னைத் திருப்பிப் பாருங்கள். அந்நாட்டுப் பசுக்கள் புல்லோடு சேர்த்து எதைத் தின்கின்றன தெரியுமா? மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் செம்பனைக் கொட்டையின் பருப்பை நசுக்கி எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் புண்ணாக்கைத்தான்! நம் ஊர்ப் புண்ணாக்கு கப்பலேறிப் போகிறது. பாலாகித் திரும்பி வருகிறது. நம் வீட்டுப் பசுவோ சாலையோரப் புல்லுக்கு அலைகிறது.

தீவனக் கடையில் இதை 'பி.கே.சி.' என்று கேளுங்கள். இதில் புரதச் சத்து நூற்றுக்குச் சுமார் 15 பங்கு உண்டு. பால் மாட்டின் கலப்புத் தீனியில் பாதிவரை இதைச் சேர்க்கலாம். முதல் நாளே அள்ளிப் போடாதீர்கள். ஒரு பிடியில் தொடங்கி, இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். இதில் சுண்ணாம்புச் சத்து குறைவு. ஆகவே கறவை மாட்டுக்குத் தாது உப்பும் அவசியம்.

வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் வேண்டாம். நனைந்து கட்டிதட்டிப் பூசணம் பூத்ததை, மலிவாகக் கிடைக்கிறதே என்று மாட்டுக்குப் போடவே கூடாது. மூட்டையைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குங்கள்.

அறுவடையின்போது வெட்டி விழும் மட்டையும் தீனியாகும். விரல் கணு அளவுக்குப் பொடியாக நறுக்கிப் போட வேண்டும். மழைக் காலத்துக்குச் சேமிக்க, நறுக்கியதைப் பிளாஸ்டிக் பீப்பாயில் காற்றுப் புகாமல் அமுக்கி மூடி வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் புளித்த மணத்தோடு தயாராகிவிடும். ஆனால் மட்டையில் வைக்கோல் அளவுக்குத்தான் சத்து. அதை மட்டும் போட்டுப் பாலை எதிர்பார்க்காதீர்கள். மட்டை மண்ணுக்கும் உரம் என்பதால் நிர்வாகத்திடம் கேட்டே எடுங்கள். புல்லுக்கு மருந்து அடித்த இடமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனிச் சொல்லப்போவதை மறக்காதீர்கள். பசுவுக்கு நல்லதாயிற்றே என்று செம்மறி ஆட்டுக்கும் இதையே வயிறு நிறையப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆடு கொழுகொழுவென்றுதான் இருக்கும். மாதக் கணக்கில் ஒன்றும் தெரியாது. திடீரென்று ஒருநாள் தீனியை ஒதுக்கும், கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுத்துச் சிவக்கும், விழுந்துவிடும். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். புண்ணாக்கில் உள்ள செம்புச் சத்தே காரணம். மாட்டின் உடம்பு அதைத் தாங்கும். செம்மறியின் ஈரல் அதைச் சேர்த்துவைத்துக்கொண்டே போய் ஒருநாள் கெட்டுவிடும். ஆகையால் செம்மறித் தீனியில் இது நூற்றுக்கு 30 பங்கைத் தாண்ட வேண்டாம். நீண்ட நாள் கொடுப்பதானால் மாவட்டக் கால்நடை இலாகாவில் கேட்டுச் செய்யுங்கள். வெள்ளாடு ஓரளவு தாங்கும். அதற்கும் அளவு வேண்டும்.

தாய்மார்களே, லயத்துக் கொல்லையில் நிற்கும் மாடு பிள்ளையின் பள்ளிச் செலவு, மகளின் கல்யாணச் செலவு. எந்தத் தீனி, எந்த விலங்குக்கு, எவ்வளவு என்ற மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டுப் பிறகு தொட்டியை நிரப்புங்கள். பால் பெருகட்டும்.