மூடுமுன் பார்த்தோமா?

ஊர்ப்புறத்திலே ஒரு மேடு. ஆடு மேய்க்கும் சிறுவனுக்கு அது விளையாட்டுத் திடல். அரசின் ஏட்டிலோ 'தரிசு' என்னும் மூன்றெழுத்து! நாளை அங்கோர் ஆலை வரும். ஒரே பகலில் மேடு தரையாகும். அடியிலே இருந்தது என்னவென்று கேட்டால், "பானையோடுகள் கிடந்தன, லாரியில் ஏற்றிவிட்டோம்" என்பார்கள்.

ஆலை வேண்டாம், அணை வேண்டாம் என்று உரைக்க வரவில்லை நாம். மண்ணைப் புரட்டுமுன் அதைப் படித்துப் பார்க்க வேண்டாமா என்பதே நம் வினா.

படித்துப் பார்த்த இடம் ஒன்றுண்டு. ஆந்திரத்திலே, கிருஷ்ணை ஆற்றங்கரையில், மலைகள் சூழ்ந்த நாகார்ஜுனகொண்டா! 1926இல் அதன் சின்னங்கள் கண்ணில் பட்டன. அடுத்த ஆண்டு முதல் 1931 வரை லாங்கர்ஸ்ட் அகழ்ந்தார். தூபிகளும் பௌத்தப் பள்ளிகளும் வெளிப்பட்டன. பௌத்தத் தலம் என்றே அது புகழ் பெற்றது. பிறகு வந்தது அணைத் திட்டம். 1955 டிசம்பர் 10ஆம் நாள் நேரு அடிக்கல் நாட்டினார். பள்ளத்தாக்கு மூழ்கப் போவது உறுதி. ஆனால், அதற்கு முந்திய ஆண்டே தொல்லியல் துறையினர் இரா. சுப்பிரமணியம் தலைமையில் களத்தில் இறங்கிவிட்டனர்! 1960 வரை அகழ்ந்தனர்.

கண்டது என்ன? பழைய கற்காலக் கருவிகள், புதிய கற்காலத்தாரின் புதைகுழிகள், பெருங்கற்காலச் சின்னங்கள், இக்ஷ்வாகு மன்னரின் விஜயபுரி, அங்கே கோயில்கள், படிவரிசையாய் இருக்கைகள் அமைந்த அரங்கம்! தூபிகளோடு நிறுத்தியிருந்தால் இத்தனையும் தெரியாமலே மூழ்கியிருக்கும். சில கட்டடங்களைக் கல் கல்லாகப் பெயர்த்து மலைமேல் கொண்டுபோய் அமைத்தார்கள். அம்மலை இன்று நீர் நடுவே தீவு. எல்லாம் மீண்டதா? இல்லை. ஆயினும், எதை இழக்கிறோம் என்று அறிந்தே இழந்தோம்.

அங்கே அரசே அணை கட்டிற்று, அரசே அகழ்ந்தது. தனியார் கட்டும்போது? இங்கிலாந்து 1990இல் ஒரு நெறி வகுத்தது. தொல்பொருள் இருக்கக்கூடும் என்று கருதப்படும் நிலத்தில், அனுமதி பற்றி முடிவு செய்யுமுன் சோதனைப் பள்ளம் தோண்டிப் பார்க்குமாறு உள்ளாட்சி கேட்கலாம். செலவு கட்டுவோருடையது. நிலம் முழுவதையுமா தோண்டுகிறார்கள்? நூற்றில் சில பங்குதான்!

நம் நாட்டிலோ 1958ஆம் ஆண்டுச் சட்டமும் 2010இல் செய்த திருத்தமும் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை விதிக்கின்றன. அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு. நல்லது. பட்டியலில் ஏறாத மேட்டுக்கு? அக்காவல் இல்லை! கீழடியின் தென்னந்தோப்பு எந்தப் பட்டியலில் இருந்தது? வைகைக் கரையில் 2013-14இல் நடந்த கள ஆய்வு 293 இடங்களைக் குறித்தது. அவற்றுள் ஒன்றாக அல்லவா கீழடி வெளிப்பட்டது! ஆய்வாளருக்கு முன்னே மனை வணிகர் வந்திருந்தால்?

ஆலைக்கும் சாலைக்கும் மனைப் பிரிவுக்கும் தரும் அனுமதித் தாளிலே ஒரு நிபந்தனை ஏறட்டும்: கட்டுவோர் செலவில் கள ஆய்வு, சில சோதனைப் பள்ளங்கள், அறிக்கை, அதன் பின்னரே இயந்திரம். வாக்குக் கேட்டு வருவோரிடம் நீங்களும் இதைக் கேளுங்கள்.