ஜீனோவின் 2021இல் நம் தெரு எங்கே?

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இன்றைக்கு எடுபடுமா? 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை. பிறகு தூர்தர்ஷனிலும் தொடராக ஓடியது. கதை நடப்பதாகச் சொல்லப்பட்ட வருடம் 2021. அந்த வருடத்தை நாம் கடந்து வந்துவிட்டோம். எதிர்காலம் என்று எழுதப்பட்டது இறந்தகாலம் ஆன பிறகு கணக்குப் பார்ப்பதில் தவறில்லை.

என் கணக்கு இது. இயந்திரத்தையும் அரசையும் பற்றி அந்தத் தொடர் சொன்னது இன்றும் நிற்கிறது. சாதியைப் பற்றிச் சொல்லாமல் விட்டது அதைக் கவிழ்க்கிறது. ஆனாலும் நம் பிள்ளைகள் அதைப் படிக்க வேண்டும்.

படிக்காத தோழர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறான். எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர், கூடவே ஓர் எண். பிள்ளை பெறுவதற்கு அரசு அனுமதி வேண்டும். வயதானவர்களின் முடிவையும் அரசே தீர்மானிக்கும். அனுமதி வாங்கிய நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் வீட்டுக்கு ரவி என்பவன் ஜீனோ என்ற இயந்திர நாயோடு குடிவருகிறான். ஜீனோ பேசும், புத்தகம் படிக்கும், கேட்காமலேயே கருத்துச் சொல்லும், எல்லோரையும் கிண்டலடிக்கும். தொடரின் சிரிப்பெல்லாம் அதனிடம்தான். கடைசியில் பார்த்தால் ஜீவா என்று ஓர் ஆளே இல்லை. மக்கள் கும்பிட்டதெல்லாம் ஒளியால் ஆன ஓர் உருவத்தை.

இது பழசாகிவிட்டதா? 2014 தேர்தலில் மோடி ஒளி உருவமாகப் பல ஊர்களில் ஒரே நேரத்தில் பேசினார். 2024 ஜனவரியில் சேலம் திமுக இளைஞரணி மாநாட்டில் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட கருணாநிதி தோன்றினார். அடுத்த மாதமே ஜெயலலிதாவின் குரலை அதே முறையில் அதிமுக வெளியிட்டது. இல்லாத தலைவரைக் காட்டிக் கைதட்டு வாங்கலாம் என்று சுஜாதா வேடிக்கையாக எழுதினார். நம் கட்சிகள் அதை மேடையிலேயே செய்துவிட்டன.

எண் விஷயமும் அப்படித்தான். வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கிருந்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளர் அவர். இயந்திரத்தை அரசின் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் கம்பம் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு குமுளி மெட்டும் போடி மெட்டும் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்கு விரல் ரேகை தேய்ந்து கிடக்கிறது. ரேஷன் கடை இயந்திரத்தில் "ரேகை விழலை" என்ற ஒரு சொல்லோடு திரும்பி வருகிறார்கள். நூறு நாள் வேலையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை செயலியில் படம் பதிந்தால்தான் வருகை என்பதை 2023 ஜனவரி முதல் எல்லாப் பணியிடங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். வெயிலில் மண் வெட்டியவள் வேலை செய்தாளா இல்லையா என்பதைச் செல்போன் சிக்னல் முடிவு செய்தது. ஜீவாவின் அலுவலகங்களைப் படித்துச் சிரிக்கிற இடங்களில் நமக்குச் சிரிப்போடு எரிச்சலும் வருவது இதனால்தான்.

சரி, எடுபடாதது எது? பெயர்.

இரண்டெழுத்துப் பெயரில் சாதி தெரியாது. அதனால் அந்த 2021இல் சாதி யாரையும் நகர்த்துவதில்லை, யாரையும் தடுப்பதுமில்லை. பெயரை மாற்றினால் சாதி ஓடிவிடும் என்று கதை வெளிப்படையாக வாதாடவில்லைதான். ஆனால் அப்படி ஓர் உலகத்தைச் சிரமமில்லாமல் கற்பனை செய்கிறது. தமிழ்நாட்டுக்கு இந்தப் பரிசோதனை புதிதில்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே சாதிப் பட்டத்தைத் துறக்கத் தீர்மானம் போட்டோம். அது பெரிய காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பட்டம் போன பிறகு சாதி எங்கே போனது? முகவரிக்குப் போனது.

உத்தமபாளையம் பக்கத்தில் கல்லூரி மாணவர்களோடு இந்தத் தொடரைப் படித்தபோது ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணே, இதுல எல்லாரும் எந்தத் தெருவுல இருக்காக?" நூறு விமர்சனக் கட்டுரை செய்ய வேண்டிய வேலையை அந்த ஒரு கேள்வி செய்துவிட்டது. பெயரைச் சொன்னால் "அப்பா பேரு?", அதைச் சொன்னால் "எந்த ஊரு?", அதையும் சொன்னால் "ஊருக்குள்ளயா, காலனியா?" மூன்று கேள்வியில் ஆளை எடைபோட்டுவிடும் ஊர் நம்முடையது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில். கதையின் 2021க்கு நான்கு வருடம் கழித்து!

இன்னொன்றும் உண்டு. இயந்திர நாய் தத்துவம் பேசும் அந்த உலகத்தில் சாக்கடை அடைத்தால் யார் இறங்குவார்கள்? கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2023 அக்டோபரில். சட்டம் வந்து பத்து வருடம் கழித்தும் இழப்பீட்டை உயர்த்த வேண்டியிருந்தது என்றால் சாவு நிற்கவில்லை என்றுதான் பொருள். ஆள்நுழைக் குழியைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தைக் கேரள இளைஞர்கள் 2018இலேயே செய்து காட்டிவிட்டார்கள். அதைவிட மலிவாக ஒரு சாதியின் உடம்பு கிடைக்கும்வரை இயந்திரத்துக்கு யார் அவசரப்படுவார்கள்? இந்தக் கணக்கைத் தவறவிட்ட எந்த எதிர்காலக் கதையும் பாதிக் கதைதான்.

நிலா விஷயத்திலும் எனக்கு உடன்பாடில்லை. அரியணை அவளுக்கு, அதிகாரம் ஆண்களுக்கு, புத்தி நாய்க்கு என்று பிரித்திருக்கிறார்.

பிறகு ஏன் படிக்கச் சொல்கிறேன்? ஜீனோவுக்காக.

'ரோபோ' என்ற சொல் செக் எழுத்தாளர் கரேல் சாபெக்கின் நாடகத்திலிருந்து வந்தது. அது முதலில் பெரிய மேடை ஏறியது 1921இல், ஜீனோவின் காலத்துக்குச் சரியாக நூறு வருடம் முன்பு. செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் கூலியில்லாத கட்டாய வேலை. நம் மொழியில் வெட்டி வேலை, பண்ணையடிமை. அந்தச் சொல்லுக்குள்ளேயே நம் தாத்தா பாட்டி இருக்கிறார்கள். ஏவியதைச் செய்வதற்காக மட்டும் உண்டாக்கப்பட்ட ஒன்று, புத்தகம் படித்து, சொந்தமாக யோசித்து, எஜமானர்களையே கேலி செய்கிறது. இதைச் சாதி வெறியர்கள் ஏன் ரசிக்க முடியாது, நாம் ஏன் ரசிக்கிறோம் என்று யோசியுங்கள். நாம் நாயும் இல்லை, இயந்திரமும் இல்லை. அந்த ஒப்பீட்டை யார் செய்தாலும் ஏற்கக் கூடாது. ஆனால் வாசிப்பு கீழ்ப்படிதலைக் கெடுக்கும் என்ற உண்மையை இவ்வளவு சிரிக்கச் சிரிக்கச் சொன்ன தமிழ்க் கதை எனக்கு வேறு தெரியாது.

சுஜாதா 2008இல் போய்விட்டார். அவர் விட்ட இடத்தை அவரே வந்து நிரப்ப முடியாது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவருக்குத் தெரியாத தெருவை அவர் எழுதவில்லை என்று புலம்பிக்கொண்டே இருப்பதிலும் பயனில்லை. அமெரிக்காவில் ஆக்டேவியா பட்லர் என்ற கறுப்பினப் பெண் 1979இல் ஒரு நாவல் எழுதினார். அதில் இன்றைய கறுப்பினப் பெண் ஒருத்தி காலத்தில் பின்னோக்கி இழுக்கப்பட்டு அடிமைப் பண்ணையில் போய் விழுகிறாள். காலப்பயணம் வெள்ளைக்காரனுக்கு உல்லாசம், கறுப்பருக்கு ஆபத்து என்று அவர் காட்டிய பிறகு அந்த வகைக் கதையே மாறிப்போனது. நம்மிடமும் ஒருவர் இருந்தார். ரோஹித் வெமுலா கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளர் ஆக ஆசைப்பட்டார். 2016 ஜனவரி 17 அன்று அவரை இழந்தோம். எழுதப்படாமல் போன அந்தப் புத்தகங்களும் சாதி தின்ற உயிர்கள்தான்.

ஆகவே தோழர்களே, வழக்கு ஆவணமும் கண்டன அறிக்கையும் எழுதுகிற கையால் ஒரு கதையும் எழுதுங்கள். 2060இல் கம்பம் பள்ளத்தாக்கு எப்படி இருக்கும்? முல்லைப் பெரியாறு தண்ணீர் யார் வயலுக்கு முதலில் பாயும்? செயற்கை நுண்ணறிவு கல்யாணத் தரகர் என்ன கேள்வி கேட்பார்? இதில் சிரிப்பதற்கும் நிறைய இருக்கிறது. எதிர்காலத்தை அவர்களே எழுதிக்கொண்டிருந்தால் அதிலும் நமக்கு ஊருக்கு வெளியேதான் இடம் ஒதுக்குவார்கள், அல்லது நாம் இருந்ததையே மறந்துவிடுவார்கள்.

ஜெய்பீம்.