முக்கால் டாங்க்

திருத்தணியிலிருந்து சிங்கப்பூருக்கு யார் வந்தாலும் நாங்கள் சுற்றிக்காட்டும் தடம் ஒன்றுதான். மெர்லயன் முன்னால் ஒரு படம், செந்தோசா, சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன், கடைசியில் முஸ்தபா. பெரியப்பாவும் பெரியம்மாவும் எல்லாவற்றையும் மரியாதைக்குப் பார்த்தார்கள். விலையைக் கேட்டார்கள், ரூபாயில் பெருக்கினார்கள், பேசாமல் நடந்தார்கள். பெரியம்மா எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறையைக் கைப்பற்றிக்கொண்டது எனக்கு நிம்மதி. விருந்தாளி என்று சோபாவில் உட்காரவைத்தால்தான் வந்தவர்களுக்கு ஊர் நினைப்பு வரும். அரிவாள்மனை இல்லாத வீடா இது என்று திட்டிக்கொண்டே காய் நறுக்க விட்டுவிட்டால் எத்தனை நாளும் இருப்பார்கள்.

பெரியப்பாவுக்கு அந்த வழியும் இல்லை. திருத்தணி–திருப்பதி தடத்தில் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கட்டடம் பார்ப்பதில் அவருக்கு ருசி கிடையாது, சாலை வேண்டும். “இங்கேயிருந்து வண்டியிலேயே வேற நாட்டுக்குப் போலாமாமே?” என்று ஒருநாள் இரவு கேட்டார். மலேசியாவில் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போவதென்று அப்போதுதான் முடிவானது.

காகித வேலை இப்போது குறைவுதான். இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் முதல் விசா கேட்பதில்லை, வருகை அட்டையை மட்டும் இணையத்தில் நிரப்பிவிட வேண்டும். காருக்குத் தனி அனுமதி, கண்ணாடியில் ஒட்டும் பட்டை. “நம்ம ஃபாஸ்டேக்” என்று சொல்லிப் பெரியப்பா அதைத் தாண்டிப் போய்விட்டார். பட்டரைபெரும்புதூர் சுங்கச்சாவடியைப் பார்த்தவருக்கு இதில் என்ன அதிசயம்?

அவரை நிமிர்ந்து உட்காரவைத்தது பெட்ரோல். சிங்கப்பூர் கார் எல்லையைத் தாண்டும்போது டாங்கில் முக்கால் பங்காவது பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். 1989இல் பாதி என்று தொடங்கி, 1991இல் முக்காலாக உயர்த்தினார்கள். ஊரிலிருந்து வருகிற படித்த பிள்ளைகளுக்கே இதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும். பெரியப்பா ஒரே கேள்விதான் கேட்டார்.

“அந்தப் பக்கம் மலிவா?”

“ரொம்ப மலிவு பெரியப்பா.”

“அதானே. ஆந்திராவுல வெலை ஜாஸ்தி. நகரி வண்டி எங்க வந்து டாங்க ரொப்புதுன்னு நினைக்கிற? நம்ம பக்கம்தான்.” கொஞ்ச நேரம் கழித்து, “சரி, அந்த ஊர்க்காரன் மட்டும் சும்மா விடுவானா?” என்றார்.

விடவில்லை. மலேசியா தன் மக்களுக்காக மானியம் கொடுத்து விற்கும் பெட்ரோலை வெளிநாட்டு எண் கொண்ட கார்களுக்கு ஊற்றக் கூடாது என்று 2010இலேயே தடை போட்டது. பங்கில் மஞ்சள் பிடி போட்ட குழாயை நாம் தொடக் கூடாது. இதைச் சொன்னதும் அவர் முகத்தில் வந்த திருப்தி, செந்தோசாவில் வரவே இல்லை. ஆந்திர எல்லையோரத்தில் வளர்ந்தவருக்கு ஓர் ஊரின் சூட்சுமம் அதன் கோபுரத்தில் இல்லை, வரியில் இருக்கிறது. நான் இத்தனை காலம் இங்கே குப்பை கொட்டியும் இந்தச் சட்டத்தை ஒரு தொல்லையாக மட்டுமே பார்த்துவந்தேன்.

உட்லண்ட்ஸையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் பாலச்சாலை 1924இல் முறைப்படி திறக்கப்பட்டது. நீளம் ஒரு கிலோமீட்டரை ஒட்டித்தான். நடந்தால் கால் மணி நேரம், வாரக்கடைசியில் காரில் போனால் மணிக்கணக்கு. அன்றும் வண்டிகள் ஊர்ந்தன. எதிர்ப்பக்கம் மலேசியாவிலிருந்து வேலைக்கு வருகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள் சாரி சாரியாக வந்துகொண்டிருந்தன. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது, வராமல் என்ன செய்வார்கள்? “தெனமும் இப்படியா?” என்றார் பெரியம்மா. அவர் பிறந்த வீடு நகரி. பொன்பாடி சோதனைச் சாவடியைத் தாண்டினால் அம்மா வீடு. அங்கே போலீஸ்காரர் பேருந்தில் ஏறி ரேஷன் அரிசி மூட்டை தேடுவாரே தவிர, நீ யார், ஏன் போகிறாய் என்று யாரையும் கேட்டதில்லை.

அந்த நெரிசலில்தான் பெரியப்பா தன் கதையை எடுத்தார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அங்கே போய்விட்டது. ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் எல்லை பற்றிய படாஸ்கர் பரிந்துரைக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது. “நான் பொறந்தது ஆந்திரா, சிலேட்டு பிடிச்சது சென்னை மாநிலம், மீசை மொளைச்சது தமிழ்நாடு. வீடு மட்டும் அதே வீடு.” சிங்கப்பூருக்கும் ஏறக்குறைய அதே கதைதான் என்றேன். 1963இல் மலேசியாவோடு சேர்ந்தது, 1965 ஆகஸ்ட் 9 அன்று பிரிந்தது. “ரெண்டு வருஷமா? எங்களுக்கு ஏழு” என்றார், சீனியாரிட்டி சொல்கிற குரலில்.

நெடுஞ்சாலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், மணிக்கு 110 கிலோமீட்டர். பெரியப்பாவின் வலது கால் மட்டும் வழி நெடுக இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. மாடு, ஆட்டோ, எதிரில் வரும் டிராக்டர் எதுவும் இல்லாத சாலையில் ஓட்டுவதை டிரைவிங் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனமில்லை. மாச்சாப் ஓய்விடத்தில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். கழிப்பறை சுத்தமாக இருந்ததையும் காசு கேட்காததையும் ஊருக்குப் போன் போட்டுச் சொன்னார்.

பத்துமலையில் 2006இல் எழுப்பிய 140 அடி முருகனைப் பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் கண் படிக்கட்டுக்குப் போய்விட்டது. 2018இல் வண்ணம் பூசியதிலிருந்து அது வானவில் நிறத்தில் இருக்கிறது. எத்தனை படி என்று கேட்டார். 272. “நம்மூர் மலைக்கோயில்ல முந்நூத்தி அறுபத்தஞ்சு” என்றார், வாங்கிய மார்க்கைச் சொல்வதைப் போல. பெரியப்பா மனக்கணக்குப் போட்டு, “இதுவும் முக்கால்தான்” என்றார். கணக்குச் சரியாகவே இருந்தது.

ஊரில் இருக்கும்போது மலைச்சாலையில் ஆட்டோவில் போய் இறங்குகிறவர்தான் பெரியம்மா. அதை ஞாபகப்படுத்தும் தைரியம் எங்கள் இருவருக்கும் இல்லை. டிசம்பர் 31 படித்திருவிழாவில் படிக்கொரு பாட்டுப் பாடி ஏறுவார்களே, அந்த நிதானத்தில் ஏறினார். குரங்குகளை மட்டும் ஊர்க்குரலிலேயே அதட்டினார். மேலே, தம்புசாமிப் பிள்ளை வேல் நட்ட குகையில், சூரசம்ஹாரம் உண்டா என்று விசாரித்தார். திருத்தணியில் கிடையாது. முருகன் சினம் தணிந்த மலையில் ஏது சண்டை?

திரும்பும் வழியில் பாலச்சாலையில் மறுபடி நின்றோம். பக்கத்திலேயே ரயில்பாதை எழும்பி நின்றது. 2026 முடிவதற்குள் ஜொகூர் பாருவிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ஐந்து நிமிடத்தில் ரயில் ஓடவைக்கத் திட்டம். இரு நாட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும்.

“டிரைவர் எந்த ஊர்க்காரன்?” என்றார் பெரியப்பா.

“டிரைவரே கிடையாது பெரியப்பா. தானா ஓடும்.”

“அப்போ லேட்டானா யாரைத் திட்டுவாங்க?”