கெட்-டுகெதர்... யார் வீட்டு அடுப்புல?

இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்த ஒரு விஷயத்தை எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். விஷயம் சிம்பிள். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து சாப்பிட்டு, பியர் குடிச்சு, மேட்ச் பார்த்து ஜாலியா இருக்கறதுதான் கெட்-டுகெதர்னா, அந்த நாலு பேர்ல சமைக்கறவங்க உண்டா, இல்லையா?

"ஏன் இல்லாம? அவங்க வீட்டுலதானே நடக்குது!" இப்படித்தான் நானும் ரொம்ப வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். 2024 கோடையில அந்த நினைப்பு மாறிப்போச்சு. மாத்தினது மூணு பேர்: ஒரு ஐபிஎல் ஃபைனல், ஒரு அண்ணி, 1812-ல உத்தரவு போட்ட ஒரு ராஜா. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

நான் பொட்டி தட்டறது ஜெர்மனியில, மியூனிக் நகரத்துல. எங்க கோஷ்டியில பதினோரு பேர். பாதி பேச்சிலர்கள், பாதி குடும்பஸ்தர்கள். அதுல சேலத்து அண்ணன் வீடுதான் எங்களுக்கு நிரந்தர மண்டபம். வீடு பெருசு, டிவி பெருசு, அண்ணனோட மனசும் பெருசு. அண்ணி கை பிரியாணி பத்தித் தனிப் பதிவே போடலாம்.

2024 மே 26, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்துல கொல்கத்தாவுக்கும் ஹைதராபாத்துக்கும் ஃபைனல். இங்க சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பம். நாங்க மூணு மணிக்கே கிரேட்டோட ஆஜர். ஹைதராபாத் 113-க்கு ஆல் அவுட். கொல்கத்தா 10.3 ஓவர்ல கதையை முடிச்சுட்டாங்க. நாங்க கப் குடுக்கறதைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போது அண்ணி ஒரு தட்டு நிறைய அப்பளத்தோட வெளிய வந்தாங்க.

"ஸ்கோர் என்ன தம்பி?"

"மேட்சே முடிஞ்சுடுச்சு அண்ணி!"

சிரிச்சுக்கிட்டுதான் சொன்னேன். அவங்க சிரிக்கல. தட்டை வெச்சுட்டு, "நான் ஒரு பால் கூடப் பார்க்கல"ன்னாங்க. கோவமாக் கத்தியிருந்தா சமாளிச்சிருப்போம். இது சாதாரணமாச் சொன்ன ஒரு வாக்கியம். உள்ள போய்ப் பாத்திரத்தை எடுத்து வெக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அப்புறம்தான் அண்ணன் சொன்னார். அண்ணி காலேஜ் டீம்ல ஆடினவங்களாம், ஓப்பனிங் பவுலர். எங்க பதினோரு பேர்ல தோல் பந்துல ஒழுங்கா ஆடின ஒரே ஆள் அவங்கதான். மூணு வருஷமா அவங்க வீட்டு சோஃபாவுல உட்கார்ந்து கிரிக்கெட் பத்திக் கத்துன எனக்கு இது தெரியாது. மறுநாள் காலையில எட்டு மணிக்கு அவங்களுக்கும் ஆபீஸ் இருக்குங்கறது தெரியும். ஆனா கணக்குல எடுத்துக்கிட்டதில்லை. இதுல எது மோசம்னு நீங்களே சொல்லுங்க.

"அதுக்குத்தான்யா பாட்லக் இருக்கு"ன்னு யாராவது சொல்வீங்க. பாட்லக்கோட லட்சணம் எனக்குத் தெரியாதா? குடும்பஸ்தர்கள் பிரியாணி, குருமா, பாயசம். பேச்சிலர்கள் கோக், சிப்ஸ், பேப்பர் ப்ளேட். அந்தக் குடும்பஸ்தர் கொண்டு வர்ற குருமாவையும் அவர் செஞ்சிருக்க மாட்டார், தூக்கிக்கிட்டு மட்டும்தான் வந்திருப்பார். கடைசியில எந்த வீட்டுல நடக்குதோ அந்த வீட்டு சிங்க்லதான் எல்லாப் பாத்திரமும் விழும். வேலை பங்கு பிரிஞ்ச மாதிரி ஒரு தோற்றம் வரும், அவ்வளவுதான்.

நிற்க. இப்போ ராஜா கதைக்கு வருவோம்.

மியூனிக்ல கோடைன்னா பியர் கார்டன். கஷ்கொட்டை மரத்தடியில நீள நீளமா மர பெஞ்சு. ஒரு லிட்டர் கண்ணாடி ஜக்ல பியர், அதுக்குப் பேரு மாஸ். ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம். இந்த மரத்தடிக்கு ஒரு காரணம் இருக்கு. பவேரியாவுல 1539-ல ஒரு சட்டம் போட்டு ஏப்ரல் கடைசியிலேர்ந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் பியர் காய்ச்சக் கூடாதுன்னுட்டாங்க. வெயில் காலத்துல அடுப்புனால தீப்பிடிக்கற பயம். அதோட அவங்க பியருக்குக் குளிர்ச்சியில நொதிச்சாத்தான் சரிப்படும். அதனால வசந்தத்துலயே காய்ச்சி நிலவறையில சேர்த்து வெச்சாங்க. அறை சூடாகாம இருக்க மேல கஷ்கொட்டை மரம் நட்டாங்க. இலை அகலம், வேர் ஆழமாப் போய் அறையைப் பிளக்காது. மரத்தடி நிழலு, கீழ ஜில்லுன்னு பியரு, சனம் சும்மா இருக்குமா? அங்கேயே உட்கார்ந்து குடிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

ஊருக்குள்ள சத்திரம் நடத்தினவங்களுக்கு வயித்தெரிச்சல். வியாபாரம் போச்சேன்னு ராஜா மாக்ஸிமிலியன் ஜோசப்கிட்ட முறையிட்டாங்க. அவர் 1812 ஜனவரியில நம்ம ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி ஒரு தீர்ப்பு சொன்னார். பியர் காய்ச்சறவங்க ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் நிலவறையிலேயே பியர் வித்துக்கலாம், கூட ரொட்டி குடுக்கலாம், வேற சாப்பாடு எதுவும் விக்கக் கூடாது.

சாப்பாடு கிடைக்காதுன்னா என்ன பண்றது? வீட்டுலேர்ந்து கட்டிக்கிட்டு வா. அவ்வளவுதான்!

இப்போ அங்கேயே சாப்பாடும் விக்கறாங்க. ஆனா கட்டுச்சோறு உரிமை அப்படியே இருக்கு. 1999-ல பவேரிய அரசு பியர் கார்டன்களுக்குன்னு தனி விதிமுறை கொண்டு வந்தப்போ, பியர் கார்டன்னா என்னன்னு ரெண்டு அடையாளம் சொன்னாங்க. ஒண்ணு, தோட்டமா இருக்கணும். இன்னொண்ணு, சொந்தச் சாப்பாட்டைக் கொண்டு வந்து காசு குடுக்காம உட்கார்ந்து சாப்பிட முடியணும். துணி விரிச்ச மேசைன்னா பரிமாற ஆள் வருவாங்க. துணி விரிக்காத மேசைன்னா நம்ம டப்பாவைத் திறந்துக்கலாம். குடிக்கறது மட்டும் அங்க வாங்கணும்.

ரெண்டு வியாபாரிகள் சண்டையைத் தீர்க்க ஒரு ராஜா போட்ட விதி. இருநூறு வருஷம் கழிச்சு சேலத்து அண்ணன் வீட்டுச் சண்டையையும் அதுதான் தீர்த்து வெச்சுது.

ஜூன் மாசம் நாங்க மண்டபத்தை ஹிர்ஷ்கார்டனுக்கு மாத்தினோம். எட்டாயிரம் பேர் உட்காரலாம். பக்கத்துலயே வேலிக்குள்ள மான்கள். எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற. அங்க அலமாரியிலேர்ந்து ஜக்கை நாமதான் எடுக்கணும், தண்ணியில நாமதான் அலசணும், அப்புறம்தான் பியருக்கு வரிசையில நிக்கணும். கம்பெனி டைரக்டரா இருந்தாலும் சரி, என்னை மாதிரி பொட்டி தட்டறவனா இருந்தாலும் சரி, அவனவன் ஜக்கு அவனவன் கையில :-)

நாங்க ஒரே ஒரு விதி சேர்த்தோம். அவங்கவங்க செஞ்சதைத்தான் கொண்டு வரணும். தங்கமணி செஞ்சதை ரங்கமணி தூக்கிட்டு வந்தா செல்லாது.

முதல் வாரம் கேவலம். என்னோட எலுமிச்சை சாதம் களி. மதுரைக்காரன் அவிச்ச முட்டையும் மிளகுத்தூளும் கொண்டு வந்து 'டயட்'னான். அண்ணன் தயிர் சாதம் கிளறி உப்பு போட மறந்துட்டார். பக்கத்துல ஒரு வயசான ஜெர்மன் தம்பதி, முள்ளங்கி, சீஸ், பிரெட்ஸல்னு அழகா விரிச்சு வெச்சு எங்க டப்பாக்களைப் பரிதாபமாப் பார்த்தாங்க. ஆனா ஒண்ணு. அன்னைக்கு ராத்திரி யார் வீட்டு சிங்க்லயும் ஒரு ஸ்பூன் கூடக் கூடுதலா விழல.

இங்க பியர் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லணும். நம்ம ஊர்ல எனக்குத் தெரிஞ்ச பியர்ங்கறது டாஸ்மாக் வாசல்ல கறுப்பு பாலிதீன் கவர்ல சுத்தி, மேன்ஷன் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டுக் குடிக்கறது. ஆம்பளைங்க மட்டும். அதனாலதான் வீட்டுக்குள்ள பார்ட்டின்னாலே ஹால்ல ஒரு கூட்டம், கிச்சன்ல ஒரு கூட்டம்னு தானாவே பிரிஞ்சுடறோம்னு நினைக்கறேன். பியர் கார்டன்ல ஹாலும் இல்லை, கிச்சனும் இல்லை. ஒரே பெஞ்சு. எங்க கோஷ்டியில நாலு பேர் பியரைத் தொடவே மாட்டாங்க. கோலாவும் ஆரஞ்சும் கலந்த 'ஷ்பெட்ஸி'தான். அதைக் குடிச்சுட்டும் அதே பெஞ்சுல அதே அரட்டைதான். பியர் அங்க ஒரு சாக்குதான்.

ஜூன் 29, சனிக்கிழமை. டி20 உலகக் கோப்பை ஃபைனல், இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும். எங்க நேரப்படி நாலரைக்கு ஆரம்பம். ஒரு டேப்லெட்டை ஜக்குல சாய்ச்சு வெச்சு பதினோரு தலையும் அதுல. நடுவுல அண்ணி. அவங்களை அங்க யாரும் உட்கார வெக்கல, முதல்ல வந்து அவங்களே இடம் பிடிச்சிருந்தாங்க.

இந்தியா 176. க்ளாசன் வெளுத்த வெளுப்புல 30 பந்துல 30 ரன்னுன்னு வந்து நின்னுது. நான் டப்பாவை மூட ஆரம்பிச்சுட்டேன். "உட்காருங்க தம்பி, பும்ராவுக்கு இன்னும் ரெண்டு ஓவர் இருக்கு"ன்னாங்க அண்ணி. அதுக்கப்புறம் ஒவ்வொரு பாலுக்கும் அவங்க கமென்ட்ரிதான். இந்தப் பிட்ச்ல வேகத்தைக் குறைச்சுப் போடணும், ஸ்டம்புக்கு வெளிய போடணும். ஹர்திக்கோட அகலமான ஸ்லோ பால்ல க்ளாசன் எட்ஜ் ஆனப்போ எங்க பெஞ்சே ஆடிச்சு. கடைசி ஓவர் முதல் பால், மில்லர் தூக்கி அடிக்க, சூர்யகுமார் எல்லைக்கோட்டுக்கிட்ட பந்தைப் பிடிச்சு, உள்ள தட்டி விட்டு, வெளிய போய், திரும்பி வந்து பிடிச்சாரே... அண்ணி போட்ட சத்தத்துல வேலிக்குள்ள இருந்த மான் கூடத் திரும்பிப் பார்த்திருக்கும். ஏழு ரன்ல ஜெயிச்சோம்.

எதிர்ப் பெஞ்சுல இருந்த ஜெர்மன்காரர் ஒருத்தர் என்ன விளையாட்டுன்னு கேட்டார். அண்ணியே எல்.பி.டபிள்யூ வரைக்கும் விளக்கினாங்க. பாவம் மனுஷன், ஒன்பது மணிக்கு அவங்களுக்கு டென்மார்க்கோட யூரோ மேட்ச், தப்பிச்சாப் போதும்னு ஓடினார். அன்னைக்கு அவங்களும் 2-0-ன்னு ஜெயிச்சாங்க.

நம்ம ஊர்லயும் இது இருந்ததுதானேன்னு எனக்கு ஒரு எண்ணம் வந்துது. ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு. இஸார் ஆத்தங்கரையில உட்கார்ந்து, "காவிரிக்கரையில கட்டுச்சோறு கட்டிட்டுப் போவோமே, அதுவும் பியர் இல்லாத பியர் கார்டன்தான்"னு பெருமையா எடுத்து விட்டேன். அண்ணி புளியோதரையை மென்னுக்கிட்டே சொன்னாங்க: "ஆமா, மேட்டூர்ல ஆத்தங்கரைக்குப் போவோம். விடியக்காலையில மூணு மணிக்கு எந்திரிச்சு ஏழு வகை சாதம் கிளறினது எங்கம்மா. ஆத்தங்கரையில அம்மா தூங்கிடுவாங்க." நான் வாயை மூடிக்கிட்டேன்.

என் கருத்து இதுதான். விருந்தோம்பல் பெரிய விஷயம், மறுக்கல. ஆனா பெருமை ஒருத்தருக்கும் புகை இன்னொருத்தருக்கும் போனா, அதை விருந்தோம்பல்னு சொல்ல எனக்கு வாய் வரல. 'அண்ணி கை பிரியாணி மாதிரி வருமா'ன்னு நாங்க சொன்ன பாராட்டெல்லாம், இப்போ யோசிச்சா, அடுத்த பிரியாணிக்குக் குடுத்த அட்வான்ஸ்தான். சாப்பாடு கொஞ்சம் சுமாரா இருந்தாலும் பரவாயில்லை, மேட்ச் எல்லாரும் பார்க்கணும்.

கோடை முடிஞ்சா என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. குளிர் வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். ரெண்டு தடவை மறுபடி அண்ணன் வீடு, மறுபடி பிரியாணி. 2025 மார்ச் 9, சாம்பியன்ஸ் டிராஃபி ஃபைனல், இங்க காலையில பத்து மணி. முந்தின நாள் அண்ணி குரூப்புல ஒரே வரி போட்டாங்க: "மாவு யார் அரைக்கறது?"

அரை மணி நேரம் ஒருத்தனும் வாயைத் திறக்கல. எல்லாருக்கும் நீல டிக் மட்டும் விழுந்துது. அப்புறம் நான்தான் "நான்"னு போட்டேன். மிக்ஸியில அரைச்ச மாவு, குளிர்ல பொங்கவே இல்லை. இட்லி ஒவ்வொண்ணும் தோல் பந்து. ரோஹித் 76 அடிச்சு ஜெயிச்சுக் குடுத்த மேட்ச்ல பாதி நேரம் நான் இட்லிப் பானை முன்னாடிதான் நின்னேன். ஹால்ல இருந்து சத்தம் வந்தப்போ எட்டிப் பார்த்து, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?"ன்னு கேட்டேன்.

"அப்புறம் ஹைலைட்ஸ் பாருங்க தம்பி"ன்னாங்க அண்ணி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காம.

டிஸ்கி: ஒரு மாஸ்ங்கறது ஒரு லிட்டர். போகும்போதும் வரும்போதும் டிராம்தான். வண்டி எடுக்கறவங்களுக்கு ஷ்பெட்ஸி.