பொறி பறந்தால்தான் வண்டி ஓடும்!

மஞ்சூரில் இருந்து கெத்தை, முள்ளி வழியாகக் காரமடைக்கு ஒரு மலைப் பாதை இறங்குகிறது. அதில் 43 கொண்டை ஊசி வளைவுகள்! ஒரு பக்கம் மலை. மறு பக்கம் பள்ளம். யானைகள் சாலைக்கு வந்து பஸ்ஸையே மறித்து நிற்பது உண்டு.

இந்தப் பாதையில் ஏறி வரும்போது கார் இருமி, இருமி நின்றுவிட்டால்? மூடுபனியில், பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணுக்கு உங்கள் கார் தெரியாது. விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தால் பாட்டரியும் தீர்ந்து போகும்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

"ஹெரால்டு" காரைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் சென்னையில் செய்த கார் அது. அதன் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி, இங்கிலாந்தில் 1962ல் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். அதுதான் "ஸ்பிட்பயர்". இரண்டும் அண்ணன், தம்பி. இரண்டுக்கும் பொறி பிறக்கும் விதம் ஒன்றே.

பொறி எப்படிப் பிறக்கிறது?

பாட்டரியில் இருப்பது 12 வோல்ட். அது போதாது. காயில் என்னும் கம்பிச் சுருளில் அந்த மின்சாரம் ஓடுகிறது. பாயிண்ட் என்னும் சிறு கதவு "டக்" என்று திறக்கிறது. மின்சாரம் அறுகிறது. அந்த நொடியில் காயிலில் 15 ஆயிரம், 20 ஆயிரம் வோல்ட் எழுகிறது. அதை டிஸ்டிரிபியூட்டர் ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துப் பங்கிடுகிறது. பிளக்கில் பொறி பறக்கிறது. பெட்ரோல் ஆவி வெடிக்கிறது. கார் ஓடுகிறது!

4 சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3 ஆயிரம் சுற்று சுற்றினால், விநாடிக்கு 100 பொறி வேண்டும். ஒன்று தவறினாலும் வண்டி முக்கும்.

அமெரிக்காவில் கெட்டரிங் என்பவர் உண்டாக்கிய இந்த முறை, 1910ல் காடிலாக் காரில் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் முழுவதும் இதுவே ஓடியது. சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை இந்தக் கருவிகளைச் செய்தது. பெங்களூர் மைக்கோ, பிளக் செய்தது.

மலையில் என்ன தொல்லை?

முதல் எதிரி, ஈரம். மஞ்சூர் மூடுபனி டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள் வியர்த்து நிற்கும். மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே ஓடிவிடும். ஓடிய இடத்தில் பென்சில் கோடு போலக் கரிக்கோடு விழும். அந்தக் கோடு விழுந்த மூடியை மாற்றத்தான் வேண்டும். கோடு இல்லை என்றால், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். தீயில் காட்டி உலர்த்துகிறவர்களும் இருக்கிறார்கள். பெட்ரோல் பக்கத்தில் தீயா? வேண்டவே வேண்டாம்! காரைத் தார்ப்பாயால் இறுக மூடி வைப்பதும் தவறு. ஈரம் உள்ளேயே தங்கும்.

இரண்டாவது, உயரம். மஞ்சூர் 6 ஆயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் சரி செய்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும். பிளக் கரி பிடிக்கும். கழற்றிப் பார்த்தால் தெரியும். கறுப்பாக இருந்தால் அதுதான் காரணம். பழுப்பு நிறமாக இருந்தால் நல்லது.

பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர். பிளக்கில் சுமார் 0.6. கண் மதிப்பு போதாது. கேஜ் தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது "எலக்டிரானிக்" முறை வந்திருக்கிறது. பாயிண்டே கிடையாது. சிறு காந்தமும் ஒரு சென்சாரும் அந்த வேலையைச் செய்கின்றன. தேய்மானம் இல்லை. "பழைய காரில் புதியதைப் புகுத்துவதா?" என்று சிலர் கோபிக்கிறார்கள். அந்தக் கோபம் வீண். மூடிக்குள் இருப்பது வெளியே தெரியப் போவதில்லை. நடுக்காட்டில் நிற்பதைவிட மாற்றுவது மேல்.

ஆனால், அவசரம் கூடாது. டிஸ்டிரிபியூட்டர் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடுகிறதா? பொறி ஒழுங்காக விழாது. முதலில் புஷ்ஷை மாற்ற வேண்டும். ஆடுகிற தண்டின் மேல் விலை உயர்ந்த கருவியை மாட்டி என்ன பயன்? வேகத்துக்கு ஏற்பப் பொறியை முன்தள்ளும் சிறு எடைகளும் துரு இல்லாமல் அசைய வேண்டும்.

பழைய இங்கிலாந்துக் கார்கள் பலவற்றில், பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். இதைப் பார்க்காமல் மாட்டினால் புதுக் கருவி அங்கேயே கருகிவிடும். எஞ்சின் ஓடாதபோது சாவியைத் திருப்பி வைத்தாலும் சில கருவிகள் கெட்டுப் போகும்.

இன்னொரு கவலையும் உண்டு. பாயிண்டைக் கையால் சரி செய்யத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கு வயதாகிவிட்டது. தொழிற்பயிற்சி நிலையங்களில் இதை இளைஞர்களுக்கு ஒரு வாரமாவது கற்றுக் கொடுக்க வேண்டும். மலை ஊர்களில் இன்னும் ஓடும் பழைய ஜீப்புகளுக்கும் அது உதவும்.

எலக்டிரானிக் கருவி வழியில் கெட்டால், யாராலும் அங்கே பிரித்துப் பார்க்க முடியாது. ஆகையால் பழைய காயிலோடு வேலை செய்யும் கருவியையே வாங்குங்கள். கழற்றிய பாயிண்டையும் கண்டன்சரையும் எறிந்துவிடாதீர்கள். ஒரு ஸ்குரூ டிரைவர், கேஜ் தகடு, டார்ச் விளக்கு இவற்றோடு பையில் போட்டுக் காரிலேயே வையுங்கள். கெத்தையில் நின்றாலும், பாயிண்டை மாட்டி, இருட்டுவதற்குள் வீடு வந்து சேரலாம்.